கம்பியை மீட்டிப் பார்த்தவர்கள்



சைக்கிளைப் பற்றிய எழுத்தை இலக்கியத் தொடரில் பேசலாமா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நானும் அவ்வப்போது சைக்கிளைப் பற்றி எழுதி வருபவன் என்பதால், கேள்வியில் ஒரு சிறு குத்தலும் இருந்தது. இன்றைய உரை முழுவதையும் அவருக்கான பதிலாகவே கொள்ளலாம்.

சைக்கிள் எழுத்தில் இரண்டு வகையை வாசகர்கள் ஏற்கெனவே இலக்கியமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். முதலாவது பயண நூல். அயர்லாந்தைச் சேர்ந்த டேர்வ்லா மேர்பி என்ற பெண்மணி 1963இல் தன்னந்தனியாகச் சைக்கிளில் இந்தியா வரை வந்தார். அந்த அனுபவத்தை 1965இல் நூலாக்கினார். இரண்டாவது பந்தயக் கதை. நெதர்லாந்து எழுத்தாளர் ரிம் கிராபே 1978இல் எழுதிய நாவல் ஒரே ஒரு சைக்கிள் பந்தயத்தையே முழுக் கதையாகக் கொண்டது. இவற்றை யாரும் இலக்கியம் அல்ல என்று சொல்வதில்லை.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. சில்லு ஏன் நெளிகிறது, கம்பி ஏன் அறுகிறது, பிறேக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் எழுத்து. இதைத் திருத்துமிடத்து மேசையில், எண்ணெய்க் கறையோடு கிடக்க வேண்டிய சாமானாகவே நாம் கருதுகிறோம். இந்த மூன்றாவது வகையில் எழுதிய இரண்டு அமெரிக்கர்களைப் பற்றியும், அவர்களில் ஒருவர் மற்றவரின் அறிவை மதித்த விதத்தைப் பற்றியும் பேச விரும்புகிறேன். ஒருவர் யோப்ஸ்ட் பிராண்ட். மற்றவர் ஷெல்டன் பிரவுண்.

பிராண்ட் 1935இல் பிறந்தவர். கலிபோர்னியாவில் வளர்ந்து, ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்றார். ஜேர்மனியின் போர்ஷே கார் நிறுவனத்திலும், ஸ்ரான்போர்ட் துகள்முடுக்கி நிலையத்திலும், ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்திலும் பணியாற்றியவர். உயரமான மனிதர். மலைச் சைக்கிள் என்ற ஒன்று சந்தைக்கு வருவதற்கு முன்னரே, மெல்லிய ரயர் பூட்டிய பந்தயச் சைக்கிளில் சாந்தா குரூஸ் மலைகளின் மண்பாதைகளில் ஏறி இறங்கியவர். அல்ப்ஸ் மலைத்தொடரில் ஆண்டுதோறும் என்று சொல்லத்தக்க அளவுக்குச் சைக்கிள் பயணம் செய்தவர். இத்தகையவர் 1981இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘சைக்கிள் சில்லு’ என்று தமிழில் சொல்லத்தக்கது அதன் தலைப்பு. ஒரு சில்லைப் பற்றி மட்டும் ஒரு முழு நூல்!

அந்த நூலின் மையத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. குழந்தை கேட்கும் கேள்வி போன்றது அது. நாம் சைக்கிளில் ஏறி உட்காரும்போது, நம் பாரத்தை எந்தக் கம்பிகள் தாங்குகின்றன?

மாட்டுவண்டிச் சில்லில் இதற்கு விடை எளிது. அதன் ஆரக்கால்கள் மரத்தாலானவை, தடித்தவை. கீழே நிற்கும் ஆரக்கால் தூண் போல நின்று அச்சைத் தாங்குகிறது. ஆனால் சைக்கிள் கம்பியோ இரண்டு மில்லிமீற்றர் கனமுள்ளது. விரலால் அழுத்தினாலே வளைந்துவிடும். அது தூணாக நிற்க முடியாது. ஆகவே அச்சு மேல் கம்பிகளிலிருந்து தொங்குகிறது, ஊஞ்சல் கயிற்றில் தொங்குவது போல, என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

நேயர்களே, ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு கட்டுரையில் அப்படித்தான் எழுதினேன். ஊஞ்சல் உவமையையும் போட்டிருந்தேன். உவமை நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் பாராட்டவும் செய்தார்கள். பிராண்டின் நூலைப் படித்தபோதுதான் அந்த உவமை தவறு என்று தெரிந்தது.

பிராண்ட் சொல்வது இது. ஒரு நல்ல சில்லில் ஒவ்வொரு கம்பியும் முன்கூட்டியே இறுக்கி இழுக்கப்பட்டிருக்கிறது. அந்த இழுவிசை, ஒரு கம்பியில் ஏறத்தாழ 100 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போல இருக்கும். இப்போது ஒருவர் சைக்கிளில் ஏறுகிறார். மேல் கம்பிகளின் இழுவிசை கூடுகிறதா? கணக்கிட்டும் அளந்தும் பார்த்தால், மேல் கம்பிகளில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. பக்கக் கம்பிகளிலும் அப்படியே. தரையைத் தொடும் இடத்துக்கு மேலே உள்ள ஒருசில கம்பிகளில் மட்டும் இழுவிசை குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. மாற்றம் எங்கே நிகழ்கிறதோ அங்கேதான் பாரம் தாங்கப்படுகிறது. ஆகவே சில்லு தன் கீழ்க் கம்பிகளின் மேல்தான் நிற்கிறது என்பது அவர் முடிவு.

இதை நான் எனக்கு விளக்கிக்கொண்ட விதம் வேறு. முன்கூட்டி ஏற்றிய இழுவிசை ஒரு கைமுதல். பாரம் வரும்போது கீழ்க் கம்பி அந்தக் கைமுதலிலிருந்து செலவழிக்கிறது. சில்லு சுழன்று அந்தக் கம்பி மேலே போனதும் செலவழித்தது திரும்பக் கைக்கு வருகிறது. கைமுதல் போதாமல் முழுவதும் தீர்ந்துபோனால் கம்பி தொய்கிறது, சில்லு நெளிகிறது. தொய்ந்த கம்பிகளோடு ஓடும் சைக்கிள், கைமுதல் இல்லாத வியாபாரம்.

பிராண்டின் நூலில் சமன்பாடுகள் உண்டு. கணினி கொண்டு செய்த கணக்குகள் உண்டு. ஆனால் என்னை வென்றது அவை அல்ல. கம்பியை மீட்டிப் பார்க்கச் சொல்கிறாரே, அதுதான். இறுகிய கம்பி வீணைத் தந்தி போல ஒலிக்கும். இழுவிசை கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். நான் சைக்கிளை முற்றத்தில் சுவரோரம் நிறுத்தி, அயல்வீட்டுப் பையனை அதில் ஏறி உட்காரச் சொன்னேன். மேல் கம்பியை மீட்டினேன். அவன் இறங்கிய பின் மறுபடி மீட்டினேன். சுருதியில் வேறுபாடு எனக்குக் கேட்கவில்லை. கீழ்க் கம்பியை மீட்டினேன். அவன் ஏறியதும் சுருதி இறங்கியது, இறங்கியதும் ஏறியது. என் ஊஞ்சல் உவமை அந்த முற்றத்திலேயே அறுந்து விழுந்தது. வானொலியில் பேசுவதால் இதைச் சொல்லிக்காட்டத் தோன்றுகிறது: காதால் கேட்டு அறியக்கூடிய ஒரு பொறியியல் உண்மை இது.

இந்த ஒரு கருத்திலிருந்து பல கருத்துகள் கிளைக்கின்றன. கம்பி ஏன் அறுகிறது? பாரம் தாங்காமல், கூடுதலாக இறுக்கியதால் என்று நாம் நினைப்போம். பிராண்ட் அதை மறுக்கிறார். சில்லு ஒரு தடவை சுழலும்போது ஒவ்வொரு கம்பியும் ஒரு தடவை தளர்ந்து ஒரு தடவை இறுகுகிறது. ஒரு கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 480 தடவை இது நடக்கிறது. ஒரு கம்பியை ஓரிடத்தில் மடித்து மடித்து நிமிர்த்தினால் முறிவது போல, இந்தத் தளர்வும் இறுக்கமும் லட்சக்கணக்கில் கூடிக் கம்பியைக் களைப்படையச் செய்கின்றன. அதுவும் கம்பி ஹப்பில் வளைந்து நுழையும் முழங்கையில்தான் பெரும்பாலும் முறிவு வரும். அதனால்தான் புதிதாகக் கோத்த சில்லில் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் பலமாக அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கிய தகைப்பை நீக்க வேண்டும் என்கிறார். நடுவில் மெலிந்த கம்பி, முழுவதும் தடித்த கம்பியைவிட நீண்டகாலம் உழைக்கும் என்கிறார். கேட்டவுடன் நம்ப முடியாத செய்தி! ஆனால் மெல்லிய நடுப்பகுதி சற்று நீண்டு கொடுப்பதால், பாரம் வரும்போது கம்பி எளிதில் தொய்ந்துவிடுவதில்லை. முழங்கைக்கும் சிரமம் குறைகிறது.

அக்காலச் சில்லுக் கலைஞர்களிடம் வேறொரு நம்பிக்கை இருந்தது. கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மெல்லிய கம்பி சுற்றி ஈயம் பற்றவைத்தால் சில்லு பலமடையும் என்பது. பந்தய வீரர்கள் அதற்குத் தனியாகக் காசு கொடுத்தார்கள். பிராண்ட் அந்த வேலை செய்த சில்லையும் செய்யாத சில்லையும் பாரமேற்றி அளந்தார். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. அதை அப்படியே எழுதினார். யாருடைய மனமும் நோகாமல் எழுதுவது அவர் வழக்கமல்ல. கடையில் கேட்டதைச் சோதிக்காமல் திருப்பிச் சொல்பவர்களிடம் அவர் கடுமையாகவே நடந்துகொண்டார். சைக்கிள் ரயருக்கு வரிப்பள்ளம் தேவையில்லை, சைக்கிள் ஓடும் வேகத்தில் ஈரச் சாலையில் அது நீரின் மேல் மிதப்பதில்லை என்று அவர் சொன்னபோது சிரித்தவர்கள் பலர். அவோசெற் நிறுவனம் வழுவழுப்பான ரயரை வெளியிட்டதில் அவருக்கும் பங்கு இருந்தது.

இனி இரண்டாமவருக்கு வருகிறேன்.

ஷெல்டன் பிரவுண் 1944இல் பிறந்தவர். பொஸ்ரன் நகருக்கு அருகே மேற்கு நியூட்டனில் ஹரிஸ் சைக்கிளரி என்றொரு கடை இருந்தது. அங்கே அவர் சைக்கிள் திருத்துநராகப் பணியாற்றினார். பெருந்தாடி வைத்தவர். தலைக்கவசத்தின் மேல் ஒரு பொம்மைக் கழுகை ஒட்டிக்கொண்டு சைக்கிள் ஓடுவார். 1990களின் நடுப்பகுதியிலிருந்து இணையத்தில் அவர் எழுதிச் சேர்த்த சைக்கிள் கட்டுரைகளும் கலைச்சொல் அகராதியும், உலகின் எந்த மூலையிலும் சைக்கிள் திருத்துபவன் தேடிப் போகும் இடமாயின. ஏப்ரல் முதலாம் திகதி வந்தால், இல்லாத சைக்கிள் உறுப்பொன்றைப் பற்றி முகத்தைச் சுளிக்காமல் ஒரு பொய்க் கட்டுரை எழுதிவிடுவார். பிராண்டுக்கு நேர் எதிரான குணம்.

அவர் வெறும் தொகுப்பாளர் அல்லர். சைக்கிளின் மிதி எவ்வளவு கடினம் என்பதை அளக்க, பெருஞ்சில்லுச் சைக்கிள் காலத்திலிருந்து வந்த ஓர் அளவுமுறை இருந்தது. பெடல் தண்டின் நீளத்தை அது கணக்கில் எடுப்பதில்லை. பிரவுண் அதைத் திருத்தி ஒரு புதிய விகிதத்தை முன்வைத்தார். சில்லின் ஆரை 340 மில்லிமீற்றர், பெடல் தண்டு 170 என்றால், விகிதம் 2. முன் பல்லுச்சில்லில் 48 பற்கள், பின்னதில் 16 என்றால் 3. இரண்டையும் பெருக்கினால் 6. அதாவது கால் ஒரு சாண் நகர்ந்தால் சைக்கிள் ஆறு சாண் நகரும். எந்த நாட்டவருக்கும், எந்த அளவுகோல் வைத்திருப்பவருக்கும் பொருந்தும் கணக்கு. பிரவுணின் எழுத்து முழுவதும் இப்படித்தான். வாசிப்பவன் இடறும் இடம் அவருக்கு முன்னரே தெரியும். அந்த இடத்தில் ஒரு கல்லைப் போட்டு வைத்திருப்பார், கால் வைத்துத் தாண்டுவதற்கு.

இந்த இருவரும் எங்கே சந்திக்கிறார்கள்? பிறேக்கைப் பற்றிப் பிரவுண் எழுதிய கட்டுரையில்.

முன் பிறேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று சிறுவயதிலிருந்தே நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். பிரவுண் இதற்கு எதிராக எழுதினார். நல்ல சாலையில் மிகக் குறுகிய தூரத்தில் நிறுத்துவது முன் பிறேக்தான். மிகக் கடுமையாக நிறுத்தும்போது பின்சில்லு தரையை விட்டு எழும் நிலைக்கு வந்துவிடுவதால், அப்போது பின் பிறேக் பிடித்துப் பயனில்லை என்று விளக்கினார். அப்படியானால் ஆட்கள் ஏன் குப்புற விழுகிறார்கள்? வாசகன் கேட்கும் அடுத்த கேள்வி இதுவாகத்தானே இருக்கும்? அந்த இடத்தில் பிரவுண் தன் குரலை நிறுத்திவிட்டு, பிராண்டின் பெயரைச் சொல்கிறார். சைக்கிள் நின்றாலும் உடம்பு முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. கைகளை ஊன்றி உடம்பைத் தடுக்காதவனின் தொடைகள் ஹான்டிலில் மோதுகின்றன. அதன் பிறகே சைக்கிள் கவிழ்கிறது என்பது பிராண்டின் விளக்கம். பிறேக்கைப் பிடித்தது மட்டும் குற்றமல்ல, கைகளை ஊன்றாததும் குற்றம்.

அந்த விளக்கத்தைப் பிரவுண் எப்படி அறிமுகப்படுத்துகிறார் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த விடயத்தின் உயிர்நாடி. மேதை என்று சொல்லவில்லை. ஈடிணையற்றவர் என்று சொல்லவில்லை. இது பிராண்டின் கருத்து, நம்பத்தக்கதாக இருக்கிறது என்ற பொருளில் மட்டும் சொல்கிறார். இது சோதித்து நிறுவிய முடிபு அல்ல, பொருத்தமான ஒரு விளக்கம் என்ற எல்லையையும் அதே சொல்லில் வைத்துவிடுகிறார். தன்னுடையதாகக் காட்டிக்கொள்ளக்கூடிய ஒன்றை உரியவர் பெயரில் வைத்தார். அதன் எடை எவ்வளவோ அவ்வளவே சொன்னார். ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நம்மிடையே பாராட்டு என்றால் பொன்னாடை. மாலை. ‘ஆற்றல்மிக்க படைப்பாளி’ என்றொரு வாக்கியம். பாராட்டுபவர் நூலைப் படித்தாரா என்பதுகூடச் சில வேளைகளில் தெரிவதில்லை. வாசித்து, சோதித்து, எந்த இடத்தில் இது எனக்குப் பயன்பட்டது என்று சுட்டிச் சொல்லும் பாராட்டு அரிது. எழுதுபவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறு எது?

பிரவுண் இத்தோடு நிற்கவில்லை. சில்லுக் கோக்கும் முறையைத் தானே விளக்கி எழுதிய இடத்திலும் வாசகர்களைப் பிராண்டின் நூலுக்கு அனுப்பினார். பிராண்ட் பலருக்கும் பதிலாக எழுதிய கட்டுரைகள் பலவற்றைத் தன் பக்கங்களிலேயே ஒரு தனிப்பகுதியாக, பிராண்டின் பெயரில், பிராண்டின் சொற்களிலேயே வைத்தார். அந்தக் கடுமையையும் மழுப்பவில்லை. முதன்முதலாகச் சைக்கிள் திருத்தப் பழகுபவனுக்குப் பிராண்டின் வாசல் சற்று உயரமானது. பிரவுண் அதற்குப் படிகளாக இருந்தார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. படியாக இருப்பதைக் குறைவாக நினைக்காத மனிதர்.

2007இல் பிரவுணுக்கு நரம்புத்தொகுதியைத் தாக்கும் நோய் இருப்பது உறுதியாயிற்று. இரண்டு சில்லில் சமநிலை காக்க உடம்பு இடம் தரவில்லை. அவர் சாய்ந்தமர்ந்து ஓட்டும் மூன்றுசில்லுச் சைக்கிளுக்கு மாறினார். தன் நோயைப் பற்றியும், மற்ற விடயங்களை எழுதும் அதே தெளிவோடு எழுதினார். 2008 பெப்ரவரியில், 63ஆவது வயதில், மாரடைப்பால் காலமானார். பிராண்ட் 2015 மே மாதத்தில் மறைந்தார். அந்தக் கடையும் 2021இல் மூடப்பட்டுவிட்டது. பிரவுணின் பக்கங்களை அவருடைய நண்பர்கள் தொடர்ந்து பேணி வருகிறார்கள். அங்கே பிராண்டின் கட்டுரைகளும் இருக்கின்றன. ஒருவரைத் தேடிப் போகிறவர் மற்றவரையும் கண்டுகொண்டுதான் திரும்புகிறார்.

நண்பரின் கேள்விக்கு மீண்டும் வருகிறேன். இது இலக்கியமா? தன் கண்ணால் பார்த்ததைத் தன் சொல்லில் சொல்வதும், எல்லோரும் நம்புகிறார்கள் என்பதற்காக ஒன்றை நம்பாமலிருப்பதும், வாசகனின் கையைப் பிடித்து, நீயே தொட்டுப் பார் என்று சொல்வதும் நல்ல எழுத்தின் இலக்கணங்கள் என்றால், சைக்கிள் சில்லைப் பற்றிய அந்த நூலில் அவை இருக்கின்றன. உவமை அழகாக இருந்தால் போதாது, அது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்தது ஒரு கவிஞர் அல்லர், ஒரு பொறியியலாளர்.

என் பழைய கட்டுரையின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊஞ்சல் உவமைக்கு நேரே ஓரத்தில், ‘தவறு. பிராண்டைப் பார்க்க’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். என் தவறை அச்சிலே படித்தவர்கள் யாராவது இன்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தத் திருத்தத்தை இப்போது ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறேன். வீட்டில் சைக்கிள் இருந்தால் யாரையேனும் அதில் ஏறி உட்காரச் சொல்லி, கீழ்க் கம்பியை ஒரு தடவை மீட்டிப் பாருங்கள். மிச்சத்தைக் கம்பியே சொல்லும்.